நான் மூழ்கடித்த பச்சைக் கப்பல்

1991-ஆம் வருடத் தொடக்கம். வளைகுடாவில் போர் நடந்துகொண்டிருந்தது. யாங்கோனில், மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில், ரயில் பாதைக்கு இரண்டு தெரு தள்ளி நான் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வீட்டு முன்னறையில் ஒரு மேசை, அலமாரி நிறையச் செத்துப்போன ரேடியோக்கள், மேசைக்குப் பின்னால் நான். அந்த நிலைமையில் இருந்துகொண்டு நான் ஒரு கப்பலை மூழ்கடித்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அப்போது எங்கள் ஊரில் செய்திக்குப் பெரிய பஞ்சம். உள்ளூர்ப் பேப்பரில் பாலம் திறந்ததும் மரம் நட்டதும்தான் வரும். வெளிநாட்டு ரேடியோவில் பர்மிய மொழிச் செய்தி கேட்பவர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு, சத்தத்தைக் குறைத்து, பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டு கேட்பார்கள். யார் காதில் விழுந்து, யார் போய் எங்கே சொல்வார்களோ என்ற பயம். எனக்கு அந்தப் பயமே கிடையாது. காலையில் சிற்றலையில் வெளிநாட்டுத் தமிழ்ச் செய்தி வரும். வாசல் கதவை விரியத் திறந்து வைத்து நான் கேட்பேன். தெருவில் போகிறவர்களுக்கு அது ஏதோ கோவில் பாட்டு. எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்கே அந்தத் தமிழ் பாதிக்கு மேல் புரியாது. வீட்டில் சோறு கேட்கிற தமிழ் வேறு, செய்தி வாசிக்கிற தமிழ் வேறு அல்லவா?

ஆக, எங்கள் தெருவில் உலகச் செய்தி தெரிந்த ஒரே ஆள் நான். இது போதாதா தலைகால் புரியாமல் போக?

செய்தி முடிந்ததும் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முனையிலிருந்த தேநீர்க் கடைக்குப் போவேன். கடைக்காரர் பாய், தஞ்சாவூர்க் கடற்கரைப் பக்கத்துப் பூர்வீகம். நான் போனதும் குட்டி நாற்காலிகள் எல்லாம் என் பக்கம் நகரும். நம் ஊர் அரசியலை அங்கே யாரும் வாயில் எடுக்க முடியாது. ஆனால் எங்கோ பாலைவனத்தில் நடக்கிற போரை எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பேசலாம். வருடக்கணக்கில் வாயைக் கட்டிப்போட்டிருந்த ஜனம், கிடைத்தது வாய்ப்பென்று அந்தப் போரைப் பிடித்துக்கொண்டது.

மேசையில் கொஞ்சம் தேநீரைச் சிந்திக் கடல் செய்வேன். தட்டிலிருக்கும் அவித்த பட்டாணி ஒவ்வொன்றும் ஒரு கப்பல். தீக்குச்சிகள் போர் விமானங்கள். விமானம் தாங்கிக் கப்பலுக்கு மட்டும் மரியாதையாக ஒரு சமோசாத் துண்டு. சமோசாவிலிருந்து தீக்குச்சியைக் கிளப்பிப் பாலைவனத்துக்கு மேலே பறக்கவிட்டு, குண்டு போட்டு, திரும்பவும் சமோசாவில் இறக்குவேன். ரேடியோ ஒரே வரியில் "விமானங்கள் தாக்குதல் நடத்தின" என்று சொல்லியிருக்கும். நான் அதற்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்து அரை மணி நேரம் ஓட்டுவேன். வானம் கறுத்தது என்பேன், மணல் உருகியது என்பேன். கேட்கிறவர்கள் வாயைப் பிளக்கும்போது ஒரு சுகம் இருக்கிறதே, அது அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு இளம்பெண் இருந்தாள். தமிழ்ப் பெண்தான். பர்மியப் பள்ளியில் படித்து வளர்ந்தவள் என்பதால் ஒரு வார்த்தை தமிழ் பேசினால் இரண்டு வார்த்தை பர்மியம் வரும். அவள் கணவன் ஒரு சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தான். போர்ப் படைகளுக்குச் சாமான் ஏற்றிப் போக அந்தக் கப்பலையும் பிடித்துவிட்டார்கள் என்று கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தான். அதற்குப் பிறகு கடிதமே இல்லை. இவளுக்கு அப்போது ஐந்து மாதம். ஒருநாள் என் ரேடியோ கடைக்கு வந்து, கணவன் கப்பலுக்கு முன்னால் நின்று எடுத்த போட்டோவை என்னிடம் காட்டினாள். போர்ச் செய்தி கேட்கிறவர் என்று என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

பர்மிய மொழியில் கப்பலுக்குத் திம்போ என்று பெயர். "அண்ணே, நம்ம ஆளு திம்போ பத்தி இன்னிக்கு ஏதும் சொன்னாங்களா?" என்று தினமும் கேட்பாள். "ஒண்ணும் இல்ல தங்கச்சி, தைரியமா இரு" என்று சொல்லிவிட்டு நான் என் பட்டாணிகளைத் தேடிப் போய்விடுவேன்.

போர் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு காலையில், அமெரிக்கப் போர்க்கப்பல்கள் இரண்டு கடல் கண்ணிவெடியில் மோதிச் சேதமடைந்தன என்று செய்தி வந்தது. ஓடோடிப் போய்க் கடையில் சொன்னேன்.

"மூழ்கிருச்சா?" என்று ஒருவர் ஆவலாகக் கேட்டார்.

"இல்ல, சேதம்தான்" என்றேன்.

"அட, அவ்வளவுதானா?" என்று அவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். இன்னொருவர் தேநீருக்குக் கைதட்டினார். கூட்டம் என் கையை விட்டுப் போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதைத் தாங்கிக்கொள்ளும் பக்குவம் எனக்கு இல்லை.

"இருங்கப்பா, முழுசாக் கேளுங்க. பக்கத்துல போன சரக்குக் கப்பல் ஒண்ணு, பச்சை பெயிண்ட் அடிச்சது, அதுலயும் கண்ணிவெடி பட்டுத் தீப்பிடிச்சிருச்சு. பத்து நிமிஷத்துல முழுசா உள்ள போயிருச்சு" என்றேன். எல்லோரும் குனிந்தார்கள். நான் கடலிலிருந்து ஒரு பட்டாணியை எடுத்து, எல்லோருக்கும் காட்டி, வாயில் போட்டு மென்றேன். கடையே சிரித்தது.

பின்னால் ஏதோ விழுந்து உருண்டது. திரும்பினேன். தேநீர் வாங்க வந்த எதிர் வீட்டுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் தூக்குச் சட்டி தரையில் கிடந்தது. வழக்கமாக அவள் கூட்டம் கலைந்த பிறகுதான் வருவாள். அன்று சீக்கிரம் வந்துவிட்டாள். சட்டியைக்கூட எடுக்காமல் திரும்பி நடந்தாள்.

அப்போதே ஓடிப்போய், "அம்மா, அது சும்மா சொன்னது" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பத்துப் பேர் முன்னால் மானம் போகுமே என்று உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளுக்கே தெளிந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எவ்வளவு கோழைத்தனம்!

அவள் கப்பல் ஏஜெண்ட் ஆபீசுக்குப் போயிருக்கிறாள். எங்களுக்கு எந்தத் தகவலும் இல்லை என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். மறைக்கிறார்கள் என்று இவள் முடிவே கட்டிவிட்டாள். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. கஞ்சி எடுத்துக்கொண்டு போன என் மனைவி, அதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள்.

"பச்சைக் கப்பல்தான் மூழ்குச்சுன்னு ரேடியோவே சொல்லிருச்சாம். சுவத்தைப் பாத்துட்டே படுத்திருக்கா. வயித்துல இருக்கறது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள்.

ரேடியோ பச்சை என்று சொல்லவே இல்லை. பச்சை என் வாயில் எப்படி வந்தது? அப்போதுதான் உறைத்தது. அவள் காட்டிய போட்டோவில் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த கப்பல் பச்சை. என்னை நம்பி அவள் கொண்டுவந்து காட்டிய கப்பலையே எடுத்து நான் கதைக்கு மூழ்கடித்திருக்கிறேன்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "அவகிட்ட போய்த் தனியா முனகிட்டு வந்துரலாம்னு பாக்காதீங்க. பத்துப் பேர் முன்னாடி தின்னீங்கள்ல, பத்துப் பேர் முன்னாடியே துப்புங்க" என்றாள்.

மறுநாள் காலை மனைவி அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாகத் தேநீர்க் கடைக்கு அழைத்து வந்தாள். நான் எழுந்து நின்றேன். "ரேடியோவுல சொன்னது ரெண்டு போர்க்கப்பலுக்குச் சேதம்னு மட்டும்தான். பச்சைக் கப்பல் நான் கட்டிவிட்டது. அப்படி ஒரு கப்பல் மூழ்கவே இல்ல" என்றேன். தமிழிலும் சொன்னேன், பர்மியத்திலும் சொன்னேன்.

யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லோரும் என்னைப் பரிவோடு பார்த்தார்கள். பாய் தலையை மெல்ல ஆட்டினார். அவள் ஆறுதலுக்காக நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்! உண்மையைச் சொல்லும்போது என்னை ஒருவரும் நம்பவில்லை.

அவளும் நம்பவில்லை. "பச்சைன்னு ரேடியோ சொல்லலேன்னா உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?" என்றாள்.

"நீ காட்டுன போட்டோவுல பாத்ததும்மா" என்றேன்.

அவள் யோசித்தாள். "அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா? எனக்கு எப்படித் தெரியும்? நாளைலேந்து நானே கேக்கறேன்."

அன்றுமுதல் காலைச் செய்திக்கு அவள் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். இரண்டே இரண்டு சொல்லை மட்டும் என்னிடம் கேட்டுப் படித்துக்கொண்டாள். போர்க்கப்பல், சரக்குக் கப்பல். சரக்குக் கப்பல் பற்றிய செய்தி வந்தால் அந்த வார்த்தை வரும் அல்லவா, அதைப் பிடித்துக்கொள்கிறேன் என்றாள். நான் வாயைத் திறக்கக் கூடாது. என் மனைவி கதவருகே நின்று என் வாய்க்குக் காவல் காத்தாள்.

போர்க்கப்பல் என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் அவள் வலது கை விரல் ஒன்று உயரும். இடது கை மடியில் சுருண்டு கிடக்கும். அது சரக்குக் கப்பலுக்கு. அலைவரிசை கொஞ்சம் கரகரத்தாலும் எனக்கு வேர்த்துவிடும். என் வாழ்நாளில் எந்த ரேடியோவையும் அப்படி உயிரைக் கொடுத்துத் திருப்பியதில்லை. முதல் நாள் இடது கை உயரவில்லை. இரண்டாம் நாளும் உயரவில்லை.

வாரக் கடைசியில் அந்த வாரப் போர்ச் செய்திகளை மொத்தமாகத் தொகுத்துச் சொன்னார்கள். விமானத் தாக்குதல், கண்ணிவெடி அகற்றும் கப்பல்கள், கண்ணிவெடியில் சேதமடைந்த இரண்டு போர்க்கப்பல்கள் எல்லாம் வந்தது. அவள் வலது கை உயர்ந்து உயர்ந்து இறங்கியது. இடது கை அசையவே இல்லை. இசை போட்டு முடித்துவிட்டார்கள்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது" என்றேன்.

"அவங்க சொல்லலேங்கறதுக்காக அவருக்கு ஒண்ணும் ஆகலேன்னு அர்த்தமில்ல. தெரியும். ஆனா யாரும் சொல்லாததுக்கு நான் ஏன் அழணும்?" என்று எழுந்தாள். நேராக எங்கள் அடுப்படிக்குப் போய், "அக்கா, சோறு இருக்கா?" என்று கேட்டாள். என் மனைவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் ரேடியோவைத் துடைப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

போர் முடிந்தது. தண்ணீர்த் திருவிழாவுக்குச் சில நாள் முன்னால் கடிதம் வந்தது. அவள் தேநீர்க் கடைக்கு வந்து எல்லோருக்கும் தானே படித்துக் காட்டினாள். கண்ணிவெடி எடுத்து வழி திறக்கும்வரை அவர்கள் கப்பல் வளைகுடாவுக்கு வெளியே நங்கூரம் போட்டுச் சும்மாதான் நின்றிருக்கிறது. தூரத்தில் விமானம் தாங்கிக் கப்பலைப் பார்த்தானாம். அவர்கள் கப்பல் சமையல்காரர் அதிலிருந்து கிளம்புகிற விமானங்களை எண்ணுவாராம். திரும்பி வரும்போது மறுபடி எண்ணுவாராம். ஒன்று குறைந்தால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காதாம். யார் நாட்டுப் பிள்ளைகளோ, எங்கள் ஆளுக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டதாம்.

தீக்குச்சியில் விமானம் விட்டு விளையாடிய எனக்கு, அதில் ஆள் இருப்பார்கள் என்றே அதுவரை தோன்றியதில்லை.

படித்து முடித்ததும் அவள் என் தட்டிலிருந்து ஒரு பட்டாணியை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். "இது அவர் திம்போ. யாரும் தின்னுறாதீங்க" என்று பர்மியத்தில் சொன்னாள். கடையே சிரித்தது. என்னைப் பார்த்து அவளும் சிரித்தாள். அவள் என்னை மன்னித்தது அப்போதுதான்.

மழைக்காலத்தில் பெண் குழந்தை பிறந்தது. காலைச் செய்திக்கு வந்து உட்காரும் பழக்கத்தை அவள் விடவில்லை. இரண்டு சொல் இருபதாகி, இருநூறாகி, ஒரு கட்டத்தில் என்னைவிட நன்றாகவே அவளுக்குச் செய்தித் தமிழ் புரிந்தது. பிள்ளையும் மடியில் இருந்தபடியே கேட்டு வளர்ந்தது.

2003-இல் அதே பாலைவனப் பக்கம் மறுபடியும் கப்பல்களும் விமானங்களும் போய்ச் சேர்ந்தன. அதே தேநீர்க் கடையில் மறுபடியும் கூட்டம். இம்முறை செய்தி சொன்னது அவள். கேட்டதை அளந்து சொன்னாள். ஒரு இளைஞன், "அக்கா, எத்தனை கப்பல் போச்சு?" என்று ஆசையாகக் கேட்டான்.

"அதை அவங்க சொல்லல. எனக்குத் தெரியாது" என்றாள்.

கூட்டம் சப்பென்று ஆனது. அவள் கவலைப்படவே இல்லை. என் பக்கம் பட்டாணித் தட்டைத் தள்ளி, "சாப்பிடுங்கண்ணே, இது வெறும் பட்டாணிதான்" என்றாள்.

இன்றும் நான் ஏதாவது செய்தி சொல்ல வாயெடுத்து, கேட்கிறவர்கள் ஆவலாகக் குனிந்தால், முதலில் ஒரு முறை திரும்பி, என் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்கிறேன்.