முன்வாசலுக்கு வந்த பேருந்து

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு எதிரே பயணிகள் குழு ஒன்றை நிழலில் நிறுத்திவைத்துப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குச் செய்தி வந்தது. கைப்பேசியில் வரவில்லை. வேலை நேரத்தில் அது என் பைக்குள் வாயை மூடிக்கொண்டு கிடக்கும். விருந்தாளி முன்னால் போனைப் பார்க்கக்கூடாது என்பது பிலோமினா அக்கா போட்ட சட்டம். நாசி கண்டார் சோற்றுக் கடைக் கல்லாவில் இருக்கும் காதர் அண்ணன் தெருவைத் தாண்டி வந்து, என் தோளைத் தொட்டுத் தள்ளி அழைத்துப் போனார்.

“தம்பி, ஒங்க பிலோமினா அக்கா தவறிட்டாங்களாம். காலையில. ஒனக்குத் தெரியுமா தெரியாதான்னு நெனச்சேன்.”

தெரியாது. திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் சுற்றுலாவை முழுதாக முடித்தேன். பாதியில் விட்டுவிட்டுப் போயிருந்தால் அக்கா சவப்பெட்டியிலிருந்தே எழுந்து என்னைத் திட்டியிருப்பார். இதைப் படிப்பவர்களில் அவரிடம் திட்டு வாங்கியவர்கள் பலர் இருப்பீர்கள். நான் மிகையாகச் சொல்லவில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா சுங்கை பாக்காப்பில், தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி ஒருவரின் மகளாகப் பிறந்தவர். கன்னியர் மடப் பள்ளியில் படித்து, பத்து பெரிங்கி கடற்கரையில் இருக்கும் பெரிய ஓட்டல் ஒன்றில் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பில் இருந்தவர். பினாங்கின் சுற்றுலாத் தொழிலுக்கென்று கூடும் ஆலோசனைக் குழுவில் அவர் ஓட்டல் ஊழியர்கள் சார்பில் வந்தார், நான் வழிகாட்டிகள் சார்பில் வந்தேன். அங்கேதான் பழக்கம். அடக்கத்தில் யாரோ அவரை எளிமையானவர் என்றார்கள். பொய். முத்துமாலை, குதிகால் செருப்பு, எந்த வெயிலிலும் கலையாத பவுடர். அவர் வருவதற்கு முன்பே அவருடைய செண்ட் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்துவிடும். நாலு பேர் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவார். பார்த்தார்கள்.

அப்படிப்பட்டவரிடம் நல்ல கார் ஒன்று இருந்தது, எங்கள் வாயில் காடி. அது தேவாலயத்துக்கும், காய்கறி வாங்கப் பாசாருக்கும் மட்டும்தான் போகும். குழுக் கூட்டங்களுக்கு அக்கா பஸ்ஸில்தான் வருவார். பெரும்பாலும் தாமதமாக வருவார். ஒருநாள், ஓட்டல் நடத்தும் குழுத் தலைவர் சிரித்துக்கொண்டே, “என்ன மேடம், இன்னிக்கும் லேட்டா?” என்றார். அக்கா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பஸ் நிக்காம போயிருச்சு சார். ஒங்க ஓட்டல்ல வேலை செய்றவங்களும் இப்படித்தான் லேட்டா வர்றாங்க. அவங்களுக்குச் சம்பளத்த வெட்டுறீங்க. எனக்கு காப்பி குடுக்குறீங்க.” காப்பிக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்திய தலைவரின் கை அப்படியே நின்றது.

எனக்கே பொறுக்காமல், என் காடியில் ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். “காடியில வந்தா அப்புறம் எந்த வாயால பேசுறது தம்பி?” என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை.

அந்தக் கூட்டங்களில் வண்ணப் படங்கள் நிறையக் காட்டுவார்கள். புது ஓட்டல், புது நடைபாதை, எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், அடுத்து எத்தனை பேர் வருவார்கள். அக்கா கடைசிவரை பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்குவார். “வர்றவங்கள எண்ணிக்கிட்டே இருக்கீங்க. வரவேற்கிறவங்க எப்படி வர்றாங்கன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?” இதை அவர் எத்தனை கூட்டத்தில் கேட்டிருப்பார் என்று எனக்கு நினைவில்லை. தொடக்கத்தில் சலித்துக்கொண்டவர்கள் பின்னால் அதே கேள்வியைத் தங்கள் சொந்தக் கேள்விபோலக் கேட்கத் தொடங்கினார்கள். அக்கா அதற்காகக் கோபப்பட்டதில்லை. என் தொடையில் கிள்ளுவார், அவ்வளவுதான்.

கடலைக் காக்கிறோம், துண்டுகளைத் தினமும் துவைப்பதில்லை என்று ஓட்டல்கள் அறைக்கு அறை அட்டை வைத்த காலம் ஒன்று வந்தது. அக்கா அதை ஆதரித்தார். ஆனால் வேலை குறைந்ததென்று சொல்லி ஆளுக்குக் கூடுதல் அறைகளைக் கொடுத்தபோது பாய்ந்தார். “கடல காப்பாத்துங்க, நல்லது. கடல காப்பாத்துறவ முதுக யாரு காப்பாத்துறது?” என்று கேட்டார். கூடுதல் அறைகள் திரும்பப் போயின.

என் தெருவில் நடந்தது ஒன்றையும் சொல்ல வேண்டும். பள்ளிவாசல் சாலையில் சுற்றுலாப் பேருந்துகள் எஞ்சினை அணைக்காமல் மணிக்கணக்கில் நிற்கும். புகை கடைகளுக்குள் போகும், தொழ வருபவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். அபராதம் போட வேண்டும் என்று நான் குழுவில் கொதித்தேன். அக்கா என்னை இழுத்துக்கொண்டு போய் ஒரு பஸ்ஸின் கதவைத் தட்டினார். உள்ளே டிரைவர் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தார். “எஞ்சின நிப்பாட்டுனா ஏர்கோன் நின்னுரும் அக்கா. விடியிறதுக்கு முன்னால எடுத்த வண்டி. சாயங்காலம் வரைக்கும் ஓட்டணும். நான் எங்க போயி கண்ண மூடுறது, சொல்லுங்கலா” என்றார். அடுத்த கூட்டத்தில் அக்கா அபராதத்தைப் பற்றிப் பேசவே இல்லை. டவுனுக்கு வெளியே வண்டி நிறுத்த ஓர் இடம், கழிப்பறை, மின்விசிறி, படுக்க நாலு கட்டில் என்று கேட்டார். “பொகைய பிடிக்கப் போனோம். தூங்காத மனுசன பிடிச்சோம்” என்றார். இடம் சீக்கிரம் கிடைத்தது. மின்விசிறி வர வெகுநாள் ஆயிற்று, அதற்கும் அவர்தான் கத்தினார். இன்று என் தெருவில் புகை இல்லை.

இனி, முன்வாசலுக்கு வந்த அந்தப் பேருந்தின் கதை. பாதி தெரிந்தவர்கள்தான் ஊரில் அதிகம்.

அக்காவின் ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் சரசுவும், தீவுக்கு அக்கரையில் இருக்கும் சுங்கை பாக்காப்காரிதான். வேலை முடிந்து அவள் சாலையோர நிறுத்தத்துக்கு வரும் நேரத்தில், கடற்கரையிலிருந்து வரும் பஸ்கள் எல்லாம் பயணிகளால் நிரம்பியிருக்கும். இவள் கைகாட்டினால் டிரைவரும் பதிலுக்குக் கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். ஒருவழியாக ஜெட்டிக்குப் போய், ஃபெரி ஏறி, அக்கரையில் இன்னொரு பஸ் பிடித்து வீடு சேர்வதற்குள் பிள்ளைகள் தூங்கிப் போயிருக்கும். ஒருநாள் அவள் அக்காவிடம் வந்து, வேலையை விடப்போவதாகச் சொன்னாள்.

“பத்து காவான் பேக்டரியில கூப்பிடுறாங்க அக்கா. சம்பளம் இதேதான். ஆனா அவங்க பஸ்சு வீட்டு வாசல்ல வந்து நிக்குது. புள்ளைங்க முழிச்சிருக்கிறப்பவே போயிருவேன்.”

அவள் மட்டுமில்லை, அவள் பின்னால் போகப் பலர் காத்திருந்தார்கள். “கொஞ்சம் பொறு சரசு. ஒனக்கு நான் பஸ் கொண்டாந்து தர்றேன்” என்று அக்கா வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த வாக்குக்காக அவர் ஏறாத அலுவலகம் இல்லை. கடைசியில், மாலையில் வேலை முடியும் நேரத்துக்குக் கடற்கரை ஓட்டல்களிலிருந்து நேரே ஜெட்டிக்குப் போகும் பஸ் ஒன்றைப் பரிசோதனைக்கு விட்டார்கள். அது ஓட்டலின் முன்வாசல் முகப்பிலேயே நிற்க வேண்டும் என்று அக்கா அடம்பிடித்து வாங்கியிருந்தார்.

முதல் நாள் நானும் போயிருந்தேன். அக்கா பெரிய கேக் ஒன்றைச் செய்து கொண்டுவந்திருந்தார். பஸ் வந்தது. நின்றது. ஒருவரும் ஏறவில்லை. காலியாகவே போனது. மறுநாளும் அப்படியே. அந்த வாரம் முழுக்க அப்படியே. ஆளில்லாத பஸ்ஸை எத்தனை நாள் ஓட்டுவது என்று பஸ் அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். மாதக் கடைசியோடு நிறுத்திவிடுவோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அக்காவுக்கு வந்த கோபத்தில் சரசுவைப் பிடித்து உலுக்காத குறை. அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: “முன்வாசல்ல நிக்கிறதுக்கு ஒரு மாதிரியா இருக்கு அக்கா. நாங்க என்னிக்கு அந்தப் பக்கம் போயிருக்கோம்?”

உண்மைதான். ஊழியர்கள் பின்பக்க வாசலில் பையைச் சோதனைக்குக் காட்டிவிட்டு வெளியேறுவார்கள். முன்கூடத்தில் அவர்கள் காலே படக்கூடாது என்பது ஓட்டலின் விதி. பஸ்ஸைப் பின்வாசலுக்கு மாற்றிவிடலாமே என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். அக்கா மறுத்தார்.

“பின்வாசல்ல நின்னா அது ஸ்டாஃப் பஸ். செலவு ஜாஸ்தின்னு நாளைக்கே நிப்பாட்டிருவாங்க. முன்வாசல்ல நின்னா அது ஊர் பஸ். ஊர் பஸ்ஸ அவ்வளவு சுலபமா நிப்பாட்ட முடியாது.”

“மாசக் கடைசிக்குள்ள ஆள் ஏறலன்னா எந்த வாசல்லயும் பஸ் இல்ல அக்கா” என்றேன். அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பிறகு ஓட்டலின் பொது நிர்வாகியிடம் போய், ஊழியர்களை முன்கூடத்தின் வழியாக விடும்படி கேட்டார். விருந்தினர்கள் என்ன நினைப்பார்களோ என்று அவர் இழுத்தார். “இவங்க விரிச்ச படுக்கையிலதான அவங்க தூங்குறாங்க. மூஞ்சியப் பாத்தா தூக்கம் கெட்டுப்போயிருமா?” என்று அக்கா கேட்டார். ஒரு வாரத்துக்கு அனுமதி கிடைத்தது.

அன்று மாலை அக்கா சரசுவின் கையைக் கோத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் பத்துப் பதினைந்து பேர். பளிங்குத் தரை தொடங்கும் இடத்தில் சரசு சட்டென்று நின்று செருப்பைக் கழற்றப் போனாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் குனிந்தார்கள். “அலாமாக்! இது கோயில் இல்லடி. போட்டுக்கிட்டு நட” என்றார் அக்கா. அவருடைய குதிகால் செருப்பு டக் டக்கென்று அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. வாயிற்காவலர் ஒரு கணம் தயங்கிவிட்டுக் கதவைத் திறந்து பிடித்தார்.

முகப்பில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். பஸ் வந்தது. டாக்சிக்காகக் காத்திருந்த வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று இது டவுனுக்குப் போகுமா என்று கேட்டது. போகும் என்றோம். உடனே சரசு ஒதுங்கி வழிவிட்டாள். அவள் ஒதுங்கியதும் வரிசையே ஒதுங்கியது. அந்தத் தம்பதியைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள், பிறகு ஒரு பெரிய குடும்பம், பிறகு குடையோடு ஒரு கூட்டம். நம் ஆட்கள் புன்னகையோடு, லேசாகத் தலைகுனிந்து, எல்லோரையும் ஏற்றிவிட்டார்கள். கடைசியில் பஸ் நிறைய விருந்தாளிகள், வாசல் நிறைய ஊழியர்கள்!

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. விருந்தாளி வந்தால் வழிவிடு, புன்னகை செய், தலையைத் தாழ்த்து என்று அத்தனை பேருக்கும் பயிற்சி கொடுத்தவர் அவர்தான். சொல்லிக்கொடுத்ததை ஒருத்தர்கூடப் பிசகாமல் செய்திருந்தார்கள்.

அக்கா பஸ்ஸின் படியில் ஏறி நின்றார். உள்ளே இருந்தவர்களிடம் தன் கன்னியர் பள்ளி ஆங்கிலத்தில், முத்துமாலையைச் சரிசெய்துகொண்டு, இங்கே வரிசை ஒன்று இருந்தது, அதைத் தெரியாமல் கலைத்துவிட்டோம், தயவுசெய்து இறங்கி வரிசையில் சேர்ந்துகொள்ளுங்கள் என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் அவர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இறங்கினார்கள். யாரும் கோபப்படவில்லை. பிறகு அக்கா தமிழில், வெளியே நின்றவர்கள் பக்கம் திரும்பினார்.

“நல்லா கேட்டுக்குங்க. ஓட்டல் படி வரைக்கும் அவங்க விருந்தாளி. பஸ் படி வந்துட்டா எல்லாரும் பயணி. மொத வந்தவங்க மொத ஏறணும். ஏறு சரசு.”

சரசு ஏறினாள். ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். அந்தத் தம்பதி அவளுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். அன்று இடம் கிடைக்காமல் நின்றவர்கள் விருந்தாளிகளிலும் இருந்தார்கள், ஊழியர்களிலும் இருந்தார்கள். மாதக் கடைசியில் பஸ்ஸை நிறுத்துவது பற்றிய பேச்சே வரவில்லை. இன்னொரு நடை விட முடியுமா என்றுதான் பேச்சு வந்தது. ஒரு வார அனுமதி என்ன ஆயிற்று என்று அந்த நிர்வாகியும் கேட்கவில்லை, அக்காவும் ஞாபகப்படுத்தவில்லை. டாக்சியும் வேனும் எடுத்தவர்கள் பஸ்ஸுக்கு மாறியதில் எவ்வளவு புகை மிச்சம் என்று அக்கா எல்லோரிடமும் ஒரு கணக்குச் சொல்வார். அந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். நான் அதை முழுதாக நம்பியதில்லை. சரசு பேக்டரிக்குப் போகவில்லை என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும்.

சுங்கை பாக்காப்பில் நடந்த அடக்கத்துக்கு அதே சரசுவும் அவள் தோழிகளும் வேலை முடிந்த கையோடு, உடைகூட மாற்றாமல் வந்திருந்தார்கள். அந்த நிர்வாகியும் வந்திருந்தார். தேவாலயத்தில் பெண்கள் வழிவிட்டு ஒதுங்காமல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், நிர்வாகி பின்னால் இடம் தேடிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகப் பெருமை வந்தது. இப்படி ஒரு பெண்ணோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அதே ஓட்டலிலிருந்து ஒரு குழுவை டவுனுக்கு அழைத்துவர வேண்டியிருந்தது. வேன் வேண்டாம், பஸ்ஸில் போகலாம் என்று சொல்லி முகப்புக்குக் கூட்டி வந்தேன். அங்கே வரிசை நின்றது. பஸ் வந்ததும், காலங்காலமாகச் செய்துவந்த பழக்கத்தில், என் ஆட்களைக் கையசைத்து முன்னால் ஏற்றப் போனேன்.

“அண்ணே” என்றாள் வரிசையின் தலையில் நின்ற சரசு. குரலை உயர்த்தவில்லை. புன்னகைகூடச் செய்தாள், அக்கா சொல்லிக்கொடுத்த அதே புன்னகை. “இது பஸ் படி அண்ணே. வரிசைக்கு வாங்க.”

விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு பின்னால் போனேன். பிலோமினா அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த வரிசையின் கடைசியில் ஓர் இடம். அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.