சுவாமி என்றால் எந்தச் சுவாமி?

திருவிழாக்களுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுகிறவனுக்குப் பாட்டுப் போடுவது சின்ன வேலை. வருகிற குருமாரை என்ன பட்டம் சொல்லி வரவேற்பது என்பதுதான் பெரிய வேலை. மைக்குக்கு முன்னால் நாக்குழறியவர்களுக்கு என் பாடு விளங்கும். அறுபதுகளில் நான் அக்கராயனில் குடியேறிய சைவக்காரன்; ஆனால் கடற்கரைக் கத்தோலிக்கரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

வெயிலில் ஆண்டகை

கொக்கிளாய்த் தேவாலயத் திருநாளுக்கு மேற்றிராணியார், அதாவது ஆயர், வந்தார். சைவக்காரன் பிழைவிடுவான் என்று ஊரார் பயந்தார்கள். நானும் விடக்கூடாதென்று தெரிந்த அடைமொழிகளையெல்லாம் அடுக்கினேன். வரவேற்பு முடியட்டும் என்று அவர் பந்தலுக்கு வெளியே நின்றார். பின்னால் ஊர்வலமும் நின்றது. உச்சி வெயில். கடைசியில் கைகாட்டி என்னைக் கிட்டக் கூப்பிட்டார். என் தொழில் அன்றோடு சரி என்று நினைத்துக்கொண்டு போனேன். மெல்லச் சொன்னார்: "தம்பி, ஆண்டகை எண்டாப் போதும். மிச்சத்தை நிழலுக்கை போய்ச் சொல்லுங்கோ."

எழும்பிய சனம்

முந்தின மாரி வெள்ளத்தில் எங்கள் சனம் தங்கத் தன் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டவர் ஒரு கத்தோலிக்கக் குரு. அவரை எங்கள் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு அழைத்திருந்தோம். கத்தோலிக்கர் தங்கள் குருவைச் 'சுவாமி' என்பார்கள். அந்தப் பழக்கத்தில் "சுவாமி வந்துவிட்டார்" என்று அறிவித்தேன். பிள்ளையார்தான் வீதிக்கு எழுந்தருளிவிட்டார் என்று சனமெல்லாம் கைகூப்பி எழும்பியது. வாசலில் வெள்ளை அங்கியோடு சைக்கிளைப் பிடித்தபடி அவர் நின்றார்.

பிழைவிட்டுவிட்டேன் என்று மைக்கை நிப்பாட்டினேன். ஆனால் ஒருவரும் கையை இறக்கவில்லை. மாலையோடு அவரிடம் போன எங்கள் குருக்கள், என்னைக் கடக்கும்போது சொன்னார்: "நீர் பிழையாச் சொல்லேல்லை. வெள்ளத்துக்கை முதல் வந்த சுவாமி அவர்தானே."

தாயின் கேள்வி

கொக்கிளாய் மீனவக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் குருவாகி, முதல் பூசைக்கு ஊருக்கு வந்தார். தாய் மரியம்மா அக்கா காலையிலேயே என்னிடம் வந்தா. "தம்பி, நான் ராசன் எண்டு கூப்பிட்ட பிள்ளையை இனி எப்பிடிக் கூப்பிடுறது?"

"சுவாமி எண்டுதான் அக்கா."

அவாவின் முகம் வாடிப்போனது. பூசை முடிந்து வீட்டில் விருந்து. குசினி அடுப்படியிலிருந்து சோற்றுக் கோப்பையோடு மகனுக்கு முன்னால் வந்து, பிறத்தியாரிடம் கேட்பதுபோல, "சுவாமி, சாப்பிடுறீங்களோ?" என்று கேட்டா.

மகன் எழும்பித் தாயைத் தன் கதிரையில் இருத்தினார். "அம்மா, பீடத்திலைதான் நான் சுவாமி. உங்கடை குசினிக்கை வந்தா ராசன்தான்."

அவா சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டா. பிறகு சொன்னா: "அப்ப ராசன், கையைக் கழுவிப்போட்டு வா."

இத்தனை வருசத்தில் பட்டத்துக்காகப் பதறியது நான்தான், குருமார் ஒருவரும் இல்லை.