கோட்டை கட்டாத சமையல்காரர்

தொண்ணூறுகளின் கடைசியில் தி. நகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகூர்த்தமில்லாத மாதங்களில் மயிலாப்பூரிலிருந்து ஒரு கல்யாணச் சமையல்காரர் அங்கே வருவார். கனத்த உடம்பு, நெற்றி நிறைய விபூதி, கரண்டி பிடித்துக் காய்த்துப்போன கை. அந்தக் கைக்குள் மவுஸ் எலுமிச்சம்பழம் மாதிரி ஒளிந்துகொள்ளும்.

அவர் ஆடியது ஒரே விளையாட்டுதான். காட்டைத் திருத்தி ஊர் உண்டாக்கி, நாற்பது பேருக்கு வீடும் வேலையும் சோறும் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் முதலில் கோட்டை கட்டுவார்கள். இவர் வயல், மாவு மில், அடுப்படி, களஞ்சியம் என்று கட்டிக்கொண்டே போவார்.

"மாமா, ஊர்ல பாதிப் பேர் சமையல்காரங்க. சண்டை வந்தா யாரு போவாங்க?" என்று சீண்டினேன்.

"வயிறு ரொம்பியிருந்தா சண்டைக்கு யாரு வரப்போறா?" என்றார், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

ஒருநாள் வந்தேவிட்டார்கள். திரையில் பக்கத்து ஊர்க்காரர்கள் இருபது பேர், தீப்பந்தத்தோடு. அவர் பதறிப்போய் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"சீக்கிரம் சொல்லு, வந்தவாளுக்கு இலை போட எந்த பட்டன்?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்படி ஒண்ணு கிடையாது மாமா."

களஞ்சியம் எரிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை பண்ணி வெச்சிருக்கேன், வந்தவன் ஒரு வாய் சாப்பிடலையே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்று சென்டரைப் பூட்டுவதற்கு முன், அந்த விளையாட்டில் இருந்த எல்லா பட்டன்களையும் ஒருமுறை அழுத்திப் பார்த்தேன்.