பத்தொன்பது சோடிச் சப்பாத்து

ஊர் சுற்றிக் காட்டுகிறவருக்கு ஊரைத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஊர் பார்க்க வருகிறவர்களைப் பொறுத்துக்கொள்ளத் தெரிந்தால் போதும். சனத்தோடு மாரடிக்கிற வேலை பார்க்கும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

டென்மார்க்கின் மேற்கே, யூலன்ட் பக்கத்துக் கிரின்ஸ்டெட்டில் எட்டு வருஷம் தொழிற்சாலையில் நின்றுவிட்டு, கொப்பன்ஹேகனில் இந்த வேலைக்கு வந்தேன். முதுகில் பையோடு வரும் இளசுகளுக்கு மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்தபடி நகரத்தை நடந்து காட்ட வேண்டும். மூன்று மாதம் பார்ப்பார்கள். வந்தவர்கள் இணையத்தில் நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கும் என் அக்கா அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "மூண்டு மாசம் குடையைப் பிடிச்சுக்கொண்டு ஊர் சுத்திப்போட்டு கிரின்ஸ்டெட்டுக்குத்தான் வருவாய், பார்."

ஆற அமரப் பார்ப்பவர்

முதல் வாரமே ஒருவர் வாய்த்தார். தாடி, செருப்பு, தன் உயரத்துக்குப் பை. நகரங்களை ஓடி ஓடிப் பார்க்கும் கூட்டம் தனக்குப் பிடிக்காது, ஒரு தெருவில் நின்று அதன் மூச்சைக் கேட்க வேண்டும் என்று எனக்கு வகுப்பு எடுத்தார். நானும் அவருக்காகவே வாய்க்கால் கரையில், வண்ண வீடுகளுக்கு முன்னால், கூட்டத்தை நிறுத்திவைத்தேன். அவர் மூச்சைக் கேட்கவில்லை, மணிக்கூட்டைத்தான் பார்த்தார். என்ன விஷயம் என்று கேட்டேன்.

"கொஞ்சம் கெதியாக நடக்க முடியுமா? இரண்டு மணிக்கு ரயில். நாளைக்கு பெர்லின், நாளையின்றைக்கு பிராக்."

வரவேற்பு

சைக்கிள் பாதையில் நிற்க வேண்டாம் என்பதை நான் ஒவ்வொரு நாளும் மூன்று தடவை சொல்வேன். மூன்று தடவையும் யாரும் கேட்பதில்லை. ஒரு பெண்மணி பாதையின் நட்ட நடுவில் நின்று கோபுரம் ஒன்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகும் சனம் மணி அடித்து அடித்து விலகிப் போனது. ஒருவர் போகிற போக்கில் டேனிஷில் ஏதோ சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை, என் சம்பளத்தில் அது சேர்த்தியில்லை. பெண்மணி எல்லோருக்கும் கை காட்டிவிட்டு, நெகிழ்ந்துபோய் என்னிடம் வந்தார்.

"என்ன அன்பான ஊர்! முன்பின் தெரியாதவளுக்கு ஒவ்வொருவராக மணி அடித்து வணக்கம் சொல்கிறார்களே."

கைடு வரவில்லை

இன்னொரு நாள் புறப்படுவதற்கு முன் அக்காவோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டு, பையும் தொப்பியுமாக நின்ற ஒரு தமிழ்நாட்டுத் தம்பி முகம் மலர்ந்து ஓடி வந்தார். கோயம்புத்தூராம், மூன்று வாரம் லீவு போட்டு ஐரோப்பா பார்க்கிறாராம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தலைக்கு மேல் மஞ்சள் குடை, கழுத்தில் பெயர் அட்டை, சுற்றிவர இருபது பேர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தம்பி குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"குரூப்ல எல்லாரும் வந்தாச்சுக்கா. கைடுதான் இன்னும் காணோம். இந்த ஊர்க்காரங்க டைமுக்கு வந்துடுவாங்கன்னு சொன்னாங்களே?"

சப்பாத்து

கடைசி வாரம் வந்தது. அதுவரைக்கும் என்னைப் பற்றி எழுதப்பட்டவை சுமார் ரகம். 'ஆங்கிலம் பரவாயில்லை. ஆனால் ஒரு டேனிஷ்காரர் காட்டினால் இன்னும் அசலாக இருந்திருக்கும்' என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இரவு நித்திரை இல்லை. தொழிற்சாலைக்குத் திரும்ப எனக்கு மனமே இல்லை. இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் கேடு.

அன்றைக்கு நல்ல மழை. வழக்கமாக வெளியே நின்று காட்டிவிட்டுப் போகும் ஒரு தேவாலயத்துக்குள் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு ஒதுங்கினேன். யோசனை எல்லாம் வேலையில் இருந்ததால், கோயில் வாசலைக் கண்டதும் கால் தன் பாட்டில் சப்பாத்தைக் கழற்றிவிட்டது. திரும்பிப் பார்த்தால், பத்தொன்பது பேரும் குனிந்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். தேவையில்லை என்று சொல்லியிருக்கலாம். கடைசி வாரத்தில், பாதிப் பேர் ஏற்கெனவே காலுறையோடு நிற்கும்போது, 'மன்னிக்கவும், கைடு பிழை விட்டுவிட்டாள்' என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். ஒரு மாதமாக ஐரோப்பா முழுக்க நடந்த சப்பாத்துகளின் வாசனைதான் சும்மா இருக்கவில்லை.

தேவாலயத்தைப் பராமரிக்கும் பெரியவர் வந்தார். வாசலைப் பார்த்தார், எங்கள் கால்களைப் பார்த்தார். கூட்டத்தில் நின்ற ஒரு பெண் அவரிடம் பணிவோடு, "உங்கள் நாட்டு வழக்கத்தை நாங்கள் மதிக்கிறோம்" என்றாள். பெரியவர் என்னைப் பார்த்தார். நான் கூரைச் சித்திரங்களைப் பார்த்தேன். என் வேலை அந்த இடத்திலேயே முடிந்தது என்று நினைத்தேன். பெரியவர் ஈரம் படாத தரையை நின்று ரசித்துவிட்டு, டேனிஷில் மெல்லச் சொன்னார்:

"முப்பது வருஷமாக இந்தத் தரையை நான் துடைக்கிறேன். எங்களுக்கு இப்படி ஒரு வழக்கம் இருப்பதை ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை?"

தீர்ப்பு

இரண்டு நாள் கழித்து என் மேலாளர் லோன கூப்பிட்டார். கொப்பன்ஹேகனில் பிறந்து வளர்ந்தவர், தேவாலயத்தை நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் எட்டிப் பார்ப்பவர். கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். பதினொரு பேர் எழுதியிருந்தார்கள். 'அசல் டேனிஷ் பண்பாட்டைச் செய்து காட்டிய கைடு' என்றது ஒன்று. 'புத்தகங்களில் இல்லாத டென்மார்க்' என்றது இன்னொன்று. இந்தச் சப்பாத்து வழக்கம் எந்தப் பக்கத்தது என்று லோன கேட்டார். யூலன்ட் பக்கம், கிரின்ஸ்டெட், ஹொல்ஸ்டெப்ரோவில் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான் என்றேன். ஒரு சொல்லும் பொய்யில்லை, ஆனாலும் காது சுட்டது.

லோன தலையை ஆட்டிக்கொண்டே ஒப்பந்தத்தை என் பக்கம் தள்ளினார். "யூலன்ட்காரர் எதுவும் செய்வார்கள். இனி வெயில் நாளிலும் உள்ளே கூட்டிக்கொண்டு போ."

ஆக, இருபத்தாறு வருஷம் டேனிஷ் பேசியும் கிடைக்காத டேனிஷ்காரி என்ற பட்டம், யாழ்ப்பாணத்துப் பழக்கத்தில் சப்பாத்தைக் கழற்றிய அன்றைக்குத்தான் எனக்குக் கிடைத்தது.