அம்மாவின் மழைக் கணினி

நெமிலிச்சேரியில் எங்கள் தெருக்காரர்கள் மழை அளவை அம்மாவிடம்தான் கேட்பார்கள். அம்மாவும் "நல்ல மழை" என்று பொதுவாகச் சொல்லி அனுப்பமாட்டாள். மில்லிமீட்டரில் சொல்வாள்.

மொட்டை மாடியில் ஒரு மழைமானி இருக்கிறது. அதற்குள் கரண்டி அளவில் ஒரு குட்டி வாளி. தண்ணீர் நிறைந்ததும் சாய்ந்து கொட்டிவிட்டு நிமிர்ந்துகொள்ளும். அது எத்தனை முறை சாய்ந்தது என்று எண்ணுவது கூடத்தில் டிவிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் உள்ளங்கை அகலக் கணினியின் வேலை. கைபேசிக்குள் இருக்கிற மாதிரி சில்லுதான் அதிலும். லினக்ஸில் ஓடும். கணக்கை ஒரு வலைப்பக்கத்தில் போட்டுவிடும். தெருவில் யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம். ஆனாலும் முக்கால்வாசிப் பேர் வாசலுக்கு வந்து அம்மாவைத்தான் கேட்பார்கள்.

அப்பா ஆவடி தொழிற்சாலையில் ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸைக் காலிசெய்து இங்கே குடிவந்த புதிதில் அம்மா சோர்ந்துபோயிருந்தாள். குவார்ட்டர்ஸில் படியிறங்கினால் பேச ஆள் உண்டு. இங்கே எல்லா வீட்டுக் கேட்டும் சாத்தியே இருக்கும். ஒரு பொழுதுபோக்காக இருக்கட்டும் என்றுதான் இதைச் செய்து கொடுத்தேன். முதல் ஐப்பசியிலேயே அம்மாவுக்குத் தெரு முழுக்கச் சிநேகிதமாகிவிட்டது. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் தினசரி வாடிக்கை. அவர் வீட்டுப் பக்கம் தெரு பள்ளம். அளவு ஏறினால் ஆட்டோவை ஸ்டேஷன் பக்கம் மேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்.

போன வருஷம் மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் அந்தக் கணினியை அப்கிரேட் செய்தேன். பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கப்போகின்றன, மழை வலுக்கும் முன் முடித்துவிடலாம் என்று கணக்கு. சென்னீர்குப்பத்தில் எங்கள் ஃபிளாட்டில் உட்கார்ந்தபடியே நெட் வழியாக ஆரம்பித்தேன். சனிக்கிழமை காலை. கணவர் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். திரையில் வரிகள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தவை சட்டென்று நின்றன. அந்தக் கணினியை நெட்டில் மறுபடி கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "சிவப்பு லைட் எரியுதுட்டி. பச்சை லைட்டு விட்டுவிட்டு மினுங்குது. அணையுது, திரும்ப முதல்லேருந்து மினுங்குது."

தொடங்கிப் பாதியில் விழுந்து, மறுபடி தொடங்குகிறது என்று புரிந்தது. லேப்டாப், கீபோர்டு, கேபிள், புது மெமரி கார்டு எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். வெளிவட்டச் சாலையில் போகும்போது வடகிழக்கில் வானம் கறுத்துக் கிடந்தது.

அம்மா வாசலிலேயே நின்றாள். பையிலிருந்து புது கார்டை எடுத்ததும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"எதுக்கு இது?"

"ஒண்ணும் சரிவரலேன்னா புதுசா இன்ஸ்டால் பண்ணிரலாம்மா."

"அப்போ பழைய மழையெல்லாம்?"

அவள் கேட்டது நியாயம். இத்தனை வருஷ மழையும் அந்தக் கார்டில்தான் இருந்தது. நான் கடைசியாக நகல் எடுத்தது கோடையில். அதற்குப் பிறகு பெய்த ஆடி, ஆவணி மழையெல்லாம் அதில் மட்டும்தான். முதலில் கார்டைக் கழற்றி லேப்டாப்பில் செருகினேன். அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சுவிடுவது கேட்டது. கோப்பு திறந்தது. ஆவணி மாதம் வரிவரியாக இறங்கியது. நகல் எடுத்து முடித்து, "எல்லாம் இருக்கும்மா" என்றேன். "அந்த மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனாள்.

கார்டைத் திரும்பக் கணினியில் போட்டு டிவியோடு இணைத்தேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்த கிரிக்கெட் மறைந்து கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடத் தொடங்கின. அப்பா ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்க்க ஆரம்பித்தார்.

எழுத்துகள் கொஞ்ச தூரம் ஓடும், திரை இருளும், மறுபடி முதலிலிருந்து. தவறு எங்கே என்று பிடிக்க முடியாத வேகம். புதுப் பதிப்பின் மைய நிரல் பாதிதான் எழுதப்பட்டதா, கார்டில் கணினி தொடங்குவதற்கென்று ஒதுக்கிய பகுதியில் இடம் போதவில்லையா என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் இடம் தாராளமாக இருந்தது. கோப்புகளும் இருந்தன.

அம்மா காபியோடு வந்து டிவியைப் பார்த்தாள்.

"ஏட்டி, அதுவே சொல்லுதுல்லா! மின்னல் படம் போட்டிருக்கு பாரு. மழை வரப்போகுதுன்னு அதுக்குத் தெரியுது."

திரையின் வலது மூலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன மின்னல். நான் எழுத்துகளையே முறைத்துக்கொண்டிருந்ததில் அது கண்ணில் படவே இல்லை. சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மா, அது மழைக்கு இல்ல. கரண்ட் பத்தலேன்னு அர்த்தம்."

குனிந்து பிளக் பாயிண்டைப் பார்த்தேன். நான் வாங்கிக் கொடுத்த வெள்ளைச் சார்ஜரைக் காணோம். அந்த இடத்தில் ஏதோ பழைய போனுடைய கறுப்புச் சார்ஜர்.

"வெள்ளைச் சார்ஜர் எங்கம்மா?"

"அதா? எதுத்த வீட்டு ஆட்டோத் தம்பி சார்ஜர் உடைஞ்சுபோச்சுன்னு நின்னுச்சு. அதான் கொடுத்தேன். இதுலயும் லைட்டு எரியத்தானே செஞ்சது?"

எரியத்தான் செய்தது. மழையை எண்ணிக்கொண்டு சும்மா இருக்கும்வரை அந்தக் கறுப்புச் சார்ஜர் தாக்குப்பிடித்திருக்கிறது. அப்கிரேடின்போது சில்லு முழு மூச்சாக வேலை செய்ய, அதற்குக் கொடுக்கச் சார்ஜரிடம் சக்தி இல்லை. காலையிலிருந்து நான் மென்பொருளில் தேடிக்கொண்டிருந்த கோளாறு சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆட்டோக்காரருக்குப் போன் போட்டேன்.

"ஐயோ, மிஷினு அதனாலயா பூட்ச்சு? ஆவடி டேசனாண்ட சவாரி எறக்கிகினு கீறேன்கா. தோ, வந்துகினே கீறேன்!"

அவர் வருவதற்குள் மழை வந்துவிட்டது. முதல் தூறல் விழுந்ததுமே அம்மா அடுக்களைக்குள் ஓடினாள். ஷெல்ஃபில் டப்பாக்களைப் புரட்டி, அடியும் வாயும் ஒரே அகலமாக இருக்கிற எவர்சில்வர் டப்பா ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அதிலிருந்த துவரம்பருப்பைத் தட்டில் கொட்டிவிட்டு, குடையோடு மாடிக்குப் போய் வைத்துவிட்டு வந்தாள்.

"இந்த மழையை விட்டுட்டா கணக்குல ஓட்டை விழுந்துருமில்லா" என்றாள் தலையைத் துவட்டிக்கொண்டே.

ஆட்டோக்காரர் நனைந்துகொண்டே வந்து சட்டைக்குள்ளிருந்து சார்ஜரை எடுத்துக் கொடுத்தார். மாற்றிச் செருகினேன். திரையில் மின்னல் வரவில்லை. எழுத்துகள் ஓடி ஓடி, நடுவில் நின்று எங்களை ஒரு நிமிஷம் பயமுறுத்தி, கடைசியில் உள்ளே நுழையப் பயனர் பெயர் கேட்கும் வரியில் வந்து நின்றன. அப்பா "ம்" என்றார்.

பாதியில் நின்ற அப்கிரேடை விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னேன். தேவையான மென்பொருள் பொட்டலங்களெல்லாம் காலையிலேயே கார்டில் இறங்கியிருந்ததால் ஒன்றன்பின் ஒன்றாக அமர்ந்துகொண்டன. மறுபடி அணைத்து ஏற்றினேன். எல்லாம் சரி, நெட் மட்டும் இல்லை. புதுப் பதிப்பில் வைஃபையைப் பார்த்துக்கொள்ளும் நிரலே மாறிவிட்டது. பழைய நிரல் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டை அது சீந்தவில்லை.

"அம்மா, வைஃபை பாஸ்வேர்டு என்ன?"

அம்மா ஆட்டோக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே எழுத்தெழுத்தாகச் சொல்லி முடித்தார்.

"பையன் ஆன்லைன் க்ளாஸுக்குன்னு அம்மா குட்தாங்க" என்றார் வெட்கத்தோடு.

"வெளிய சொல்லாதன்னு சொன்னேன்ல!" என்றாள் அம்மா.

"உங்க ஊட்டுக்குள்ளதான சொன்னேன்!"

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். பாஸ்வேர்டை அடித்தேன். நெட் கிடைத்ததும் கணினியின் கடிகாரம் காலை நேரத்திலிருந்து ஒரே தாவாகத் தாவி இப்போதைய நேரத்துக்கு வந்தது. இந்தச் சின்னப் பலகைகளுக்குச் சொந்தமாகக் கடிகாரம் ஓட்ட பேட்டரி கிடையாது. அணைந்தால் நேரம் அங்கேயே நின்றுவிடும். எண்ணும் நிரலைத் தொடங்கினேன். மாடியில் வாளி சாய, திரையில் ஓர் எண் கூடியது. இன்னொன்று. நாங்கள் நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மா டப்பாவை இறக்கி வந்தாள். பள்ளிக்கூட ஸ்கேலை நிறுத்தி, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, குனிந்து பார்த்தாள். "இருபத்திரெண்டு. எழுதிக்கோ." விடுபட்ட நேரத்துக்கு அந்த எண்ணைச் சேர்த்தேன். அதற்குப் பக்கத்தில் "கையால் அளந்தது" என்று ஒரு குறிப்பும் போடச் சொன்னாள். போட்டதும் பக்கத்தைத் தன் போனில் திறந்து, பெரிதாக்கி, இரண்டுமுறை வாசித்தாள்.

"இருவத்தி ரெண்டா? அப்ப வண்டியை எட்துர வேண்டியதுதான்" என்று ஆட்டோக்காரர் கிளம்பினார். அவர் சார்ஜருக்கு என்ன செய்வார் என்று அம்மா கவலைப்பட, என் பையில் கிடந்த இன்னொன்றைக் கொடுத்தேன்.

மழை விடுவதாக இல்லை. இரவு இங்கேயே தங்கிவிடுகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். "தெரியும், பக்கத்தைப் பார்த்துட்டேன். அங்கே வெளுத்து வாங்குதே" என்றார். சென்னீர்குப்பத்தில் வெறும் தூறல்தானாம்.

அப்பாவுக்குக் கிரிக்கெட் திரும்பக் கிடைத்தது. நான் தட்டிலிருந்த துவரம்பருப்பில் கல் பொறுக்கியபடி உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. "முப்பத்தஞ்சு தாண்டிருச்சு... ஆமா, இன்னும் பெய்யுது... இல்ல இல்ல, இப்ப மிஷின்தான் எண்ணுது. முன்னாடி கொஞ்சம் நான் எண்ணுனேன்" என்று ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.