தலைவர் படம் போட்ட கப்பு

வன்னியம்பட்டிக்கு ரோடு பிரிகிற விலக்கில் டீக்கடை வைத்திருக்கிறேன். என் தம்பி ராஜபாளையத்தில் பீங்கான் கப்பில் படம் அச்சடிக்கிறான். சுதந்திர தினப் பரிசுக்கு ஒரு பள்ளிக்கூடம் சொல்லி அடித்ததில் மிஞ்சியதை எனக்குக் கொடுத்தான். எல்லாம் நாட்டுக்காக ஜெயிலுக்குப் போனவர்கள், செத்தவர்கள் படம். பெயர் எழுத மாட்டேன். எழுதினால் நான் எந்தப் பக்கம் என்று கணக்குப் போடுவீர்கள். எங்கள் ஊர்ப்பக்கம் தலைவர்களுக்கும் சாதி உண்டு.

கிளாஸை உள்ளே வைத்துவிட்டு அந்தக் கப்பில் டீ கொடுத்தேன். மில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களில் மூத்தவர் வாங்கிப் பார்த்தார். குடிக்கவில்லை.

"ஏம்மா, இது அவிய ஆளுல்லா. எங்க ஆளு கப்புல ஊத்து."

"எல்லாம் ஒரே டீதான் அண்ணாச்சி."

"டீயப் பத்தி யாரு கேட்டா?"

பக்கத்தில் இருந்த டிரைவர் சிரித்தார். "ஆறிப்போச்சுன்னா எந்தத் தலைவரு வந்து சூடு பண்ணுவாரு அண்ணாச்சி?"

மூத்தவர் கப்பை வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் நாலைந்து பேரோடு வந்தார்.

"அந்தக் கப்ப எடுத்துரு. இல்லன்னா எங்க தெருவுல இருந்து ஒருத்தன் வரமாட்டான். எம்புட்டு நாளு தாங்குவ?"

பாதி வியாபாரம் அவர்களால்தான். எனக்கு வேறு பிழைப்பு இல்லை. அது அவருக்கும் தெரியும்.

"யக்கா, பூப்போட்ட கப்பு தாரேன், வம்பு வேண்டாம்" என்றான் தம்பி.

வேண்டாம் என்றேன். எங்கள் அம்மா டீக்கடைக்கு வெளியே நின்று தனிக் கிளாஸில் குடித்தவள். குடித்ததும் அவளே கழுவி வைக்க வேண்டும். ஆள் பார்த்துக் கிளாஸ் எடுக்க நான் கடை போடவில்லை.

அவர்கள் வரவில்லை. பால் மிஞ்சியது. வடை போடுவதை நிறுத்தினேன். கப்பை நிறுத்தவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் நல்ல மழை. பஸ் வரவில்லை. அண்ணாச்சி மட்டும் நனைந்துகொண்டு உள்ளே வந்தார். டீ கேட்டார். கைக்கு வந்த கப்பில் ஊற்றினேன். அவர் வேண்டாம் என்ற அதே படம். தேடியும் எடுக்கவில்லை, ஒதுக்கவும் இல்லை.

ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாமல் படத்தைத் திருப்பினார். திருப்பியதும் அந்த முகம் அவர் பக்கம் வந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டேதான் குடிக்க முடிந்தது.

"இன்னும் வீம்பாத்தான் இருக்கியா?"

"ஆமா அண்ணாச்சி. இன்னொரு டீ போடவா?"

கப்பை நீட்டினார். அதிலேயே ஊற்றினேன்.