மாட்டு பிரேக்

நண்பரிடம் இரவல் வாங்கிய வெளிநாட்டு மோட்டார் சைக்கிளில் கொடைக்கானலிலிருந்து இறங்குகிறேன். விரல் பட்டாலே நிற்கும் மின்சார பிரேக் என்பது அவர் பெருமை. வத்தலக்குண்டுக்குச் சற்று முன்னால் அந்த மின்சாரம் செத்துப்போக, பிரேக்கை எவ்வளவு நெரித்தும் வண்டி நிற்காமல் தென்னை மட்டைக் குவியலில் போய் முட்டுகிறது.

தேங்காய் ஏற்றிவந்த மாட்டுவண்டிக்காரர் இறங்கி வந்து பார்க்கிறார்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இறக்கந்தான் அப்பு. நீங்க முன்னால போங்க, நான் பின்னால புடிச்சுக்கிறேன்."

என் வண்டியின் பின்பக்கத்தைத் தன் நுகத்தடியோடு கயிற்றால் கட்டுகிறார். அவர் "ஹோ" என்று அதட்டினால் மாடுகள் நிற்கின்றன, நானும் நிற்கிறேன். அருமையான பிரேக்.

டீக்கடை வாசலில் ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னை இரக்கத்தோடு பார்க்கிறார்.

"இம்புட்டுப் பெரிய வண்டி, ஒரு மாட்டுவண்டிய இழுக்க இந்தத் திணறு திணறுதே!"